இயன் போர்ட்டர்ஃபீல்டு: வேலைக்குன்னு வெளிநாடு போன ஒரு மனுஷன்

எங்க ரூம் ஆளுங்க, பழைய ரூம் ஆளுங்க, ஊருக்குத் திரும்பிப் போனவங்கன்னு எல்லாரும் இருக்கற ஒரு ஃபுட்பால் வாட்ஸ்அப் குரூப் இருக்கு. வெள்ளிக்கிழமை லீவுங்கறதால அன்னைக்கு யாராவது ஒருத்தர் கேள்வி போடுவாங்க. ரெண்டு மாசம் முன்னாடி ஒரு தம்பி கேட்டான், "பிரீமியர் லீக்னு பேர் மாறினப்புறம் சீசன் நடுவுல முதல்ல வேலையை விட்டுத் தூக்கப்பட்ட மேனேஜர் யாரு?" யாருக்கும் தெரியல, அவனே பதிலைப் போட்டான், இயன் போர்ட்டர்ஃபீல்டு, செல்சி, 1993 பிப்ரவரி. நாலு பேர் சிரிக்கிற பொம்மை போட்டாங்க, அடுத்த கேள்விக்குப் போயாச்சு.

எனக்கு மட்டும் அந்தப் பேர் எங்கயோ கேட்ட மாதிரியே இருந்துச்சு. ராத்திரி படுத்துக்கிட்டே தேடினா, இங்கிலாந்து கிளப்புங்க எல்லாம் மோதற நாக்-அவுட் போட்டியான எஃப்ஏ கப்போட 1973 ஃபைனல்ல கோல் அடிச்சவரும் இவர்தான், ஸாம்பியா டீமோட விமானம் விழுந்தப்புறம் அங்க கோச்சா போனவரும் இவர்தான், அதுக்கும் மேல, நான் இப்ப வேலை பாக்குற இதே ஓமனோட நேஷனல் டீமுக்கும் கோச்சா இருந்துட்டுப் போயிருக்கார். தினம் சைட்டுக்குப் போற வழியில பௌஷர்ல அந்தப் பெரிய ஸ்டேடியத்தைத் தாண்டித்தான் போறேன், ஒரு நாள்கூட இந்த மனுஷன் பேர் காதுல விழுந்ததில்ல. இப்படி ஒருத்தரோட வாழ்க்கை "முதல்ல தூக்கப்பட்டவர்"ங்கற ஒரே வரியில நிக்கறது எனக்கு மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

1946-ல ஸ்காட்லாந்துல டன்ஃபர்ம்லின்ல பொறந்தவர். ஃபைஃப்னு சொல்ற அந்தப் பக்கம் முழுக்க அப்ப நிலக்கரிச் சுரங்கம், ஒண்ணு சுரங்கத்துக்குள்ள இறங்கணும், இல்லன்னா பந்து காலுக்கு வசப்படணும். இவருக்குப் பந்து வசப்பட்டுச்சு. பக்கத்துலயே ரெய்த் ரோவர்ஸ்னு ஒரு சின்ன கிளப்ல ஆடிட்டு 1967 கடைசியில இங்கிலாந்துல சண்டர்லேண்டுக்கு வந்துட்டார். மிட்ஃபீல்டர், இடது கால் ஆட்டக்காரர், ஓடி ஓடி முட்டுற ரகம் இல்ல, நிதானமா பாஸ் போடுற ரகம். ஸ்காட்லாந்து சட்டையை ஒரு மேட்ச்லகூட போட்டதில்ல. இதை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க, ஏன்னா சொந்த நாட்டுக்கு ஒரு தடவைகூட ஆடாத மனுஷன்தான் பின்னாடி அத்தனை நாட்டோட தேசிய கீதத்துக்கும் எந்திரிச்சு நின்னார்.

அந்த 1973 மேட்சைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாச் சொல்லணும். மே 5, வெம்ப்ளி. ஒரு பக்கம் மேனேஜர் டான் ரெவியோட லீட்ஸ், போன வருஷக் கப்பை ஜெயிச்ச டீம், கிட்டத்தட்ட எல்லாருமே தேசிய டீம் ஆட்டக்காரங்க. இந்தப் பக்கம் சண்டர்லேண்டு, செகண்ட் டிவிஷன், அதாவது ஒரு படி கீழ இருக்கற லீக். 1931-க்கு அப்புறம் செகண்ட் டிவிஷன் டீம் எதுவும் அந்தக் கப்பைத் தூக்கினதில்ல. வர்ற வழியில மான்செஸ்டர் சிட்டியையும் செமி ஃபைனல்ல ஆர்சனலையும் சாய்ச்சுட்டு வந்திருந்தாங்க, அப்பவும் யாரும் நம்பல.

அரை மணி நேரம் தாண்டினதும் பில்லி ஹ்யூஸ் ஒரு கார்னர் எடுக்கறார். பந்து கூட்டத்துல பட்டு போர்ட்டர்ஃபீல்டு கிட்ட வருது. அந்த வீடியோவை நான் குறைஞ்சது முப்பது தடவை பாத்திருப்பேன், வேகத்தைக் குறைச்சு வச்சும் பாத்தேன். இடது தொடையில பந்தை வாங்கறார், அது கொஞ்சமா மேல எழும்பி அவரோட வலது பக்கமா இறங்குது. இடது கால்காரர் அந்த இடத்துல என்ன செய்வார், உடம்பைத் திருப்பி இடது காலுக்குக் கொண்டு வருவார், அதுக்குள்ள ஒரு டிஃபெண்டர் வந்து பந்தை எடுத்துட்டுப் போயிருப்பான். இவர் திருப்பல. வந்த பந்தை வந்த பக்கமே, தன்னோட பலம் இல்லாத வலது காலால, கீழ விழறதுக்கு முன்னாடி அடிச்சார். லீட்ஸ் கோல்கீப்பர் ஹார்வி அசையறதுக்குள்ள வலை குலுங்கிடுச்சு. ரெண்டாவது பாதியில சண்டர்லேண்டு கோல்கீப்பர் ஜிம் மாண்ட்கோமெரி அடுத்தடுத்து ரெண்டு பந்தைத் தடுத்தது தனிக் கதை, லீட்ஸோட செர்ரி தலையால முட்டினதைத் தள்ளி, எழுந்திரிக்கிறதுக்குள்ள லோரிமர் பக்கத்துல இருந்து அடிச்சதையும் கோலோட மேல் கம்பத்துக்குத் தள்ளி விட்டார். 1-0. மழைக்கோட்டும் தொப்பியுமா மேனேஜர் பாப் ஸ்டோக்கோ மைதானத்துல கோல்கீப்பரை நோக்கி ஓடினதைத்தான் இன்னைக்கும் அந்த ஊர்ல சிலையா வச்சிருக்காங்க.

அடுத்த வருஷக் கடைசியிலயே கார் ஆக்சிடென்ட், மண்டை ஓடு உடைஞ்சது. அதோட முடிஞ்சதுன்னுதான் எல்லாரும் நினைச்சிருப்பாங்க, ஆனா திரும்ப வந்து ஆடினார், 1976-ல சண்டர்லேண்டு முதல் டிவிஷனுக்கு ஏறினதையும் அங்க இருந்தே பாத்தார்.

மேனேஜரான கதையை வேகமா சொல்லிடறேன். ராதர்ஹாமை 1981-ல மூணாவது டிவிஷன் சாம்பியன் ஆக்கினார். உடனே பக்கத்து ஊர் ஷெஃபீல்டு யுனைடெட் கூப்பிட்டு பத்து வருஷ கான்ட்ராக்ட் கொடுத்தாங்க, நாலாவது டிவிஷன்ல கிடந்த டீமை முதல் வருஷமே சாம்பியனாக்கி மேல கொண்டு வந்தார், 1984-ல இன்னொரு படி ஏத்தினார், 1986-ல அனுப்பிட்டாங்க. பத்து வருஷ பேப்பருக்கு அவ்வளவுதான் மதிப்பு. அந்த நவம்பர்லயே அபர்டீன்ல வேலை கிடைச்சது, யாரோட நாற்காலின்னு பாருங்க, அலெக்ஸ் ஃபெர்குசன் எந்திரிச்சு மான்செஸ்டர் போன நாற்காலி. பேயர்ன் மியூனிக்கையும் ரியல் மாட்ரிடையும் சாய்ச்ச டீமைப் பாத்துப் பழகின ஊருக்கு இவர் கொண்டு வந்த எதுவும் போதல. 1987 லீக் கப் ஃபைனல்ல ரேஞ்சர்ஸ் கூட 3-3, பெனால்டியில தோத்தாங்க. 1988-ல அதுவும் முடிஞ்சது. அப்புறம் ரெடிங், அப்புறம் 1991-ல செல்சி. இன்னைக்கு நாம பாக்குற காசு கொட்டுற செல்சி இல்ல அது, நடுவுல தடுமாறிக்கிட்டு இருந்த டீம். 1993 பிப்ரவரியில, ரெண்டு மாசமா ஜெயிக்கலன்னு வெளிய அனுப்பிட்டாங்க. குரூப்ல வந்த கேள்வி இதுதான்.

வேலை போய்ப் பத்து வாரம் கழிச்சு அந்த விமானம் விழுந்துச்சு.

1993 ஏப்ரல் 27 ராத்திரி. ஸாம்பியா டீம் ரெண்டு நாள் முன்னாடிதான் மொரீஷியஸை 3-0ன்னு ஜெயிச்சிருந்தாங்க, மூணு கோலும் கெல்வின் முட்டாலே. அடுத்தது டக்கார்ல செனகல் கூட உலகக்கோப்பை தகுதி மேட்ச். டிக்கெட் போட்டு அனுப்பக் காசு இல்ல, அதனால விமானப்படையோட பழைய பஃபலோ விமானம், நடுநடுவுல இறங்கி எரிபொருள் போட்டுக்கிட்டே கண்டத்தைக் குறுக்கே கடக்கணும். காபோன்ல லிப்ரவில்ல இருந்து கிளம்பின கொஞ்ச நேரத்துல இடது எஞ்சின்ல தீ. பைலட் தப்பா வலது எஞ்சினை அணைச்சுட்டார்னு பத்து வருஷம் கழிச்சு வந்த அறிக்கையில இருக்கு. கடல்ல விழுந்து 30 பேர், அதுல 18 பேர் ஆட்டக்காரங்க, கோச் காட்ஃப்ரே சிட்டாலு உட்பட ஒருத்தர்கூட மிஞ்சல. கேப்டன் கலுஷா ப்வால்யா ஹாலந்துல ஆடிக்கிட்டு இருந்ததால அங்கிருந்து தனியா டக்கார் போறதா இருந்தார், அதனால அவர் அந்த விமானத்துல இல்ல. 1988 சியோல் ஒலிம்பிக்ஸ்ல இத்தாலியை 4-0ன்னு அடிச்ச டீமோட நெஞ்சு அது, அதுல மூணு கோல் கலுஷா. லுசாகாவுல இண்டிபெண்டென்ஸ் ஸ்டேடியத்துக்குப் பக்கத்துலயே எல்லாரையும் புதைச்சாங்க. அப்ப புது டீம் எங்க ஆடணும்னு யோசிச்சுப் பாருங்க, செத்தவங்க படுத்திருக்கற இடத்துக்குப் பக்கத்துல, அவங்க போட்ட அதே சட்டையை மாட்டிக்கிட்டு.

இங்க என் கதை ஒண்ணு சொல்லணும், அதைச் சொல்லாம இதை என்னால எழுத முடியாது. நான் கல்ஃபுக்கு முதல் தடவை வந்தப்ப கொடுத்த கட்டில்ல ஒரு மாசம் முன்னாடி வரைக்கும் படுத்திருந்தவர் ரோடு ஆக்சிடென்ட்ல இறந்துட்டார். என்கிட்ட யாரும் சொல்லல. ஸ்டோர்ல கொடுத்த ஹெல்மெட்டுக்குள்ள மார்க்கர்ல ஒரு பேர் எழுதியிருந்துச்சு, நான் பாட்டுக்கு மாட்டிக்கிட்டு லைன்ல போய் நின்னா அத்தனை பேரும் அந்த ஹெல்மெட்டையே பாத்தாங்க, ஒருத்தர் வேற பக்கம் திரும்பிக்கிட்டார். மத்தியானம்தான் விஷயம் தெரிஞ்சது, சோறு இறங்கல. அந்த வாரமே புதுசா ஒரு ஃபோர்மேன் வந்தார், கொல்லம் பக்கத்து மனுஷன், நாங்க சேட்டான்னு கூப்பிடுவோம். அவர் வந்ததும் வேலையைப் பத்தி எதுவும் பேசல. "அவர் எங்க உக்காந்து சாப்பிடுவார்?"னு கேட்டார். காட்டினோம். சேட்டா அந்த இடத்துல உக்காரல, அதுக்கு எதிர்ல உக்காந்து சாப்பிட்டார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு ஹெல்மெட்டை வாங்கிப் பாத்துட்டு, "பேரை அழிக்காதே மோனே, கீழ உன் பேரையும் எழுது"ன்னார். எழுதினேன்.

போர்ட்டர்ஃபீல்டு லுசாகாவுல போய் இறங்கினப்ப என்ன பேசினார்னு எனக்குத் தெரியாது, அதனால அவர் வாயில எதையும் வைக்க மாட்டேன். ஆனா எப்படிப்பட்ட ரூமுக்குள்ள காலை வச்சார்னு எனக்குத் தெரியும்.

ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடறேன், ஸாம்பியாவை ஒரு வெள்ளைக்காரர் வந்து காப்பாத்தினார்னு யாராவது எழுதினா அது பொய். டீமைத் திரும்பச் சேர்த்தது அந்த ஊர் ஆளுங்க, ஃப்ரெடி ம்விலா பசங்களைத் தேடி எடுத்தார், கலுஷா ஹாலந்துக்கும் லுசாகாவுக்கும் ஓடி ஓடி ஆடினார். டென்மார்க்காரங்க கூப்பிட்டு அவங்க செலவுல கேம்ப் நடத்திக் கொடுத்தாங்க, ரோல்ட் பௌல்சென்னு ஒரு கோச்சையும் கொடுத்தாங்க. ஜூலை 4-ஆம் தேதி, விபத்து நடந்து பத்தே வாரத்துல, அந்தக் கல்லறைக்குப் பக்கத்து மைதானத்துல மொராக்கோவை 2-1ன்னு ஜெயிச்சாங்க, கலுஷாவோட ஃப்ரீ கிக் ஒண்ணு, ஜான்சன் ப்வால்யா ஒண்ணு. பௌல்சென்னுக்கு அப்புறம்தான் நம்ம ஆள் வர்றார். அதாவது அவர் வந்தப்ப முதல் அழுகை அடங்கி, எதிர்பார்ப்பு ஏறியிருந்த நேரம், என்னைக் கேட்டா அதுதான் இன்னும் கஷ்டமான நேரம். முதல் மேட்ச் தோத்தாலும் ஜனங்க கட்டிப் பிடிச்சு அழுதிருப்பாங்க, ஆனா இப்ப ஜெயிக்கலாம்னு நம்ப ஆரம்பிச்சுட்டாங்க.

அக்டோபர்ல காசாபிளாங்கா. ஒரு டிரா போதும், அமெரிக்கா உலகக்கோப்பைக்குப் போயிடலாம். 1-0ன்னு தோத்தாங்க. ஒரே ஒரு பாயிண்ட்.

பொதுவா அங்கதான் ஒரு டீம் உடையும். அதுவும் இப்படிப்பட்ட டீம், உள்ள அத்தனை துக்கத்தை அடக்கி வச்சுக்கிட்டு ஆடுற பசங்க, அந்த ஒரு பாயிண்ட்ல எல்லாமே போச்சுன்னு உக்காந்திருந்தா யாரும் தப்பு சொல்ல முடியாது. அஞ்சு மாசம் கழிச்சு 1994 மார்ச்ல டுனீசியாவுல ஆப்பிரிக்கக் கோப்பை. சியரா லியோன் கூட 0-0. முந்தின சாம்பியன் ஐவரி கோஸ்ட்டை 1-0. கால் இறுதியில செனகலை 1-0, பறந்து போய்ச் சேர முடியாமப் போன மேட்ச்சோட எதிரி அதே செனகல்தான். செமி ஃபைனல்ல மாலியை 4-0. ஸ்கோரைப் பாருங்க, ஃபைனல் வரைக்கும் ஒரு கோல்கூட வாங்கல. இதுலதான் எனக்கு அந்த கோச்சோட கை தெரியுது. துக்கத்துலயும் ஆவேசத்துலயும் கோல் அடிச்சுடலாம், நாலு மேட்ச் கோல் வாங்காம இருக்கறது ஆவேசத்துல வராது, தினமும் பயிற்சியில யார் எங்க நிக்கணும்னு சொல்லிச் சொல்லி, பொறுமையா, சலிக்காம செஞ்சாத்தான் வரும்.

ஃபைனல் ஏப்ரல் 10, டூனிஸ் நகரம். விபத்து நடந்து ஒரு வருஷம் ஆக இன்னும் 17 நாள் பாக்கி. எதிர்ல நைஜீரியா, யெக்கினி, அமுனிகேன்னு அப்ப ஆப்பிரிக்காவுலயே பெரிய டீம். மூணாவது நிமிஷம் கார்னர்ல வந்த பந்தை எலைஜா லிட்டானா தலையால முட்டி உள்ள தள்ளிட்டார், ஸாம்பியா 1-0. அந்த ரெண்டு நிமிஷம் அந்த நாடு எப்படி இருந்திருக்கும்! ரெண்டே நிமிஷம்தான், அஞ்சாவது நிமிஷம் அமுனிகே சமன் பண்ணிட்டார், ரெண்டாவது பாதி ஆரம்பிச்ச உடனே இன்னொண்ணும் அவரே. 2-1. தோத்தாங்க. தோத்த டீமை ஊர் கொண்டாடிச்சு.

போர்ட்டர்ஃபீல்டு இறந்து நாலரை வருஷம் கழிச்சு, 2012 பிப்ரவரியில ஸாம்பியா அந்தக் கோப்பையை ஜெயிச்சாங்க, ஐவரி கோஸ்ட் கூட பெனால்டியில 8-7. எங்கன்னா லிப்ரவில்ல. ஃபைனலுக்கு முன்னாடி அந்தப் பசங்க கடற்கரைக்குப் போய்த் தண்ணியில பூ விட்டாங்க. கலுஷா அப்ப ஃபெடரேஷன் தலைவர்.

ஸாம்பியாவுக்கு அப்புறம் சவுதி, ஜிம்பாப்வே, ஓமன், ட்ரினிடாட், கானாவுல அசாந்தே கொட்டோகோ கிளப்னு ஊர் ஊரா போனார். இங்கிலாந்து எழுத்துல இந்தப் பகுதியை எல்லாம் ஒரே வரியில முடிச்சுடறாங்க, "அதன் பிறகு பல நாடுகளில் பணியாற்றினார்". ஊர்ல வேலை இல்ல, அதனால வெளிய போயிட்டார், அவ்வளவுதான்னு ஒரு தொனி. எங்க ஊர்லயும் கல்ஃப்காரனைப் பத்தி அந்தத் தொனி உண்டு, பதினெட்டு வருஷம் என்னடா பண்ணினேன்னு கேட்டா சொல்ல ஒரு வரிதான் இருக்கற மாதிரி. ட்ரினிடாட் ஒரு குட்டித் தீவு, அதை 2002 உலகக்கோப்பை தகுதியோட கடைசிச் சுற்று வரைக்கும் கொண்டு போனார், அங்க அந்த ஊர் ஜனங்களுக்கு அது ஒரு வரி இல்ல. கொரியாவுல புசான் டீமுக்கு 2004-ல அந்த நாட்டு எஃப்ஏ கப் வாங்கிக் கொடுத்தார், அடுத்த வருஷம் ஆசிய சாம்பியன்ஸ் லீக் செமி ஃபைனல். வெம்ப்ளியில ஆட்டக்காரரா ஒரு கப், புசான்ல கோச்சா ஒரு கப், நடுவுல 31 வருஷம்.

கடைசி வேலை அர்மீனியா, 2006 ஆகஸ்ட். சுமார் 30 லட்சம் ஜனங்க உள்ள நாடு, ஐரோப்பிய நாடுகளோட கோப்பையான யூரோ 2008-க்கான தகுதிச் சுற்றுல போலந்து, போர்ச்சுகல், செர்பியா, பெல்ஜியம்னு எட்டு டீம் குரூப்ல மாட்டியிருந்தாங்க. முதல்ல கோலே வரல. இதுக்கு நடுவுலதான் அவருக்குக் குடல்ல கேன்சர். வேலையை விடல. 2007 ஜூன் 6, எரவான்ல போலந்தை 1-0ன்னு ஜெயிச்சாங்க, ஹாம்லெட் ம்கிதாரியனோட ஃப்ரீ கிக். அந்த குரூப்ல முதல்ல வந்த டீம் போலந்து.

ஆகஸ்ட் 22, அதே எரவான், போர்ச்சுகல். டச்லைன்ல நிக்கற மனுஷனுக்கு 61 வயசு. 11-ஆவது நிமிஷம் ராபர்ட் அர்சுமன்யான் கோல் போட்டுட்டார், போர்ச்சுகல் பின்தங்கி நிக்குது. பாதி நேரத்துக்கு முன்னாடி ரொனால்டோ ஒண்ணு திருப்பினார். அதுக்கப்புறம் ஒரு முழுப் பாதி, ரொனால்டோவும் அவரோட கூட்டாளிகளும் முட்டி முட்டிப் பாத்தாங்க, அந்தக் கோட்டைத் தாண்ட முடியல. 1-1. டுனீசியாவுல நாலு மேட்ச் கோல் வாங்காத அந்த வேலைப்பாடு ஞாபகம் வருது.

செப்டம்பர் 11 அன்னைக்கு இங்கிலாந்துல இறந்துட்டார். அந்த மேட்சுக்கு அப்புறம் இருபது நாள்.

வர்ற வெள்ளிக்கிழமை குரூப்ல கேள்வி போடுற முறை என்னோடது. எழுதி வச்சுட்டேன். "யூரோ 2008-க்குப் போன போலந்தையும் போர்ச்சுகலையும் அதே தகுதிச் சுற்றுல, அடுத்தடுத்த ரெண்டு ஹோம் மேட்ச்ல ஜெயிக்க விடாம நிறுத்தின கோச் யாரு?" பதில் ஒரே நாள்ல வந்துடக் கூடாது, ரெண்டு மூணு நாள் எல்லாரும் தேடணும், தேடிப் படிக்கணும்.